ஒரு மாசம் கழிச்சு வாங்க

டிஸ்கி: நான் படிச்சது பி.காம்., பார்க்கிறது வங்கி உத்தியோகம். கண்ணைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இடது கண் பார்வையில் ஒரு பகுதியைத் தொலைச்ச பிறகு கத்துக்கிட்டது. மருந்து, சிகிச்சை எதுவா இருந்தாலும் உங்க டாக்டர் சொல்றதைக் கேளுங்க.

ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, பக்கத்து பிளாக் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். திருநெல்வேலிப் பக்கம் அவருக்கு, மத்திய அரசு வேலை. நாக்பூர் வந்து மூணு வருஷம் ஆகலை, அதுக்குள்ள குவாஹாட்டிக்கு மாற்றல். ஹால் பூரா அட்டைப் பெட்டி. கிரைண்டரைப் போர்வையில் சுத்தி வெச்சிருந்தாங்க. (எத்தனை போர்வை சுத்தினாலும் போய்ச் சேரும்போது அதோட மூடி உடைஞ்சிருக்கும். நாலு மாற்றல் பார்த்தவன் சொல்றேன்.) அவரோட பையன், பதினோரு வயசு, பெட்டிகளுக்கு நடுவில் சுவத்தில் பந்தடிச்சுக்கிட்டிருந்தான். எனக்குப் பகீர்னுச்சு.

ஏன்னா அதுக்கு மூணு வாரம் முன்னாடிதான் அவனுக்குக் கண்ணில் அடி. காலனிக்குள்ள கிரிக்கெட், டென்னிஸ் பந்து, நேரா வலது கண்ணில். கருவிழிக்கு உள்ளே கீழ்ப்பக்கம் பிறை மாதிரி ரத்தம் தேங்கி நின்னுது. ஹைஃபீமான்னு பேர். கண் அழுத்தம் 32க்குப் போயிடுச்சு. சாதாரணமா 10லேர்ந்து 21க்குள்ள இருக்கணும். தலையை உயர்த்தி வெச்சுப் படுக்கை, ஓட்டம் ஆட்டம் கூடாது, ஆஸ்பிரின் வகையறா கூடாது, வேளைக்கு வேளை சொட்டு மருந்து. முதல் வாரத்துக்குள்ள மறுபடி ரத்தம் கசியலாம், அது முதல் அடியைவிட மோசம்னு சொல்லியிருந்தாங்க. ரத்தத்தில் சிக்கிள் செல் இருக்கான்னும் டெஸ்ட் எடுத்தாங்க. விதர்பாவில் அது பரவலா உண்டு. அது இருக்கிறவங்களுக்கு அழுத்தம் கொஞ்சம் ஏறினாலே கண் நரம்புக்கு ஆபத்தாம். நம்ம பையனுக்கு இல்லை. பத்து நாளில் ரத்தம் கரைஞ்சு, அழுத்தம் 16க்கு இறங்கி, பள்ளிக்கூடமும் போக ஆரம்பிச்சிட்டான்.

"அடுத்து எப்ப காட்டணும்?"னு கேட்டேன்.

"ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னாங்க சார். அதுக்குள்ள நாங்க அங்க போயிருவோம்லா. அவனுக்கு நல்லாத் தெரியுது, போர்டுல கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டான். மே மாசம் ஊருக்குப் போறப்ப மதுரைல காட்டிக்கிடலாம்னு இருக்கேன்."

சீட்டு எங்கேன்னு கேட்டேன். தேடினார். அவர் மனைவியும் தேடினாங்க. ஏதோ ஒரு பெட்டிக்குள்ள போயிடுச்சு. எந்தப் பெட்டின்னு தெரியலை.

அவரைக் குத்தம் சொல்ற யோக்யதை எனக்கு இல்லை. இதே பேச்சை என் வீட்டில் முப்பது வருஷம் பேசியிருக்கோம்.

1992, மே மாச லீவு. மன்னார்குடிப் பக்கம் எங்க கிராமம். எனக்கு 13 வயசு. களத்துமேட்டில் கிட்டிப்புள் ஆட்டம். எதிரணிப் பையன் அடிச்ச புள் நேரா என் இடது கண்ணில். வலியைவிட, கண்ணுக்கு முன்னாடி சிவப்புத் திரை விழுந்த மாதிரி இருந்தது நல்லா ஞாபகம் இருக்கு. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். அன்னிக்குச் சங்கத்தைப் பூட்டிட்டு வந்து, என்னைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறித் தஞ்சாவூர் கொண்டு போனார். ஒரு வாரம் ரெண்டு கண்ணிலும் கட்டு. அம்மா ஊட்டி விட்டாங்க. ரேடியோவைத் தலைமாட்டில் வெச்சாங்க. எட்டாம் நாள் கட்டுப் பிரிச்சா எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. குலதெய்வத்துக்கு வெள்ளிக் கண்மலர் சாத்தினோம். கதை முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைச்சோம்.

அப்புறம் பத்தாவது, பன்னிரண்டாவது, கும்பகோணத்தில் பி.காம்., வங்கி வேலை. சம்பல்பூர், போபால், ராஜ்கோட், இப்ப நாக்பூர். இத்தனை வருஷத்தில் அந்தக் கண்ணை யாரும் உள்ளே பார்க்கலை. கண்ணாடிக் கடையில் மூணு தடவை பவர் பார்த்தாங்க. மூணு தடவையும் கண்ணாடியோட 6/6. எங்க வங்கியில் வருஷத்துக்கொரு மெடிக்கல் செக்கப் உண்டு. சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி எல்லாம் எடுப்பாங்க. கண்ணுன்னா சுவத்தில் மாட்டின எழுத்து அட்டை, அவ்வளவுதான்.

2023 மார்ச். மகளுக்குக் கண்ணாடி மாத்தணும்னு ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். கிளாக்கோமா வாரம்னு வருஷா வருஷம் மார்ச்சில் வரும். அதையொட்டி, கூட வந்தவங்களுக்கும் இலவசமா அழுத்தம் பார்த்தாங்க. இலவசம்னா வங்கிக்காரன் விடுவானா, போய் உக்காந்தேன் :-) கண்ணில் காத்து ஊதினாங்க. வலது 15. இடது 34. மிஷின் கோளாறுன்னு நினைச்சு அந்தப் பொண்ணு மறுபடி ஊதுச்சு. அப்பவும் 34.

உள்ளே டாக்டர், மரத்துப்போற சொட்டு விட்டு, மஞ்சள் சாயம் தடவி, நீல வெளிச்சத்தில் கண்ணைத் தொட்டு அளந்தார். அதிலும் கிட்டத்தட்ட அதே கணக்கு. அப்புறம் கேட்டார், "இஸ் ஆங்க் மே கபி சோட் லகீ தீ க்யா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நஹீன்." யோசிக்கவே இல்லை. அடின்னா எனக்கு ஞாபகம் வந்தது ஸ்கூட்டர் விபத்து, தையல், எஃப்.ஐ.ஆர். மாதிரி சமாச்சாரம். நாற்பத்திநாலு வயசு வங்கி அதிகாரிக்குக் களத்துமேடு ஞாபகம் வரலை.

பின்னாடி நின்ன தங்கமணிதான், "ஏங்க, கிட்டிப்புள் பட்டது இந்தக் கண்ணுதானே? அத்தை சொல்லுவாங்களே"ன்னாங்க. கல்யாணமான புதுசில், என் வால்தனத்துக்கு உதாரணமா அம்மா சொன்ன கதை. டாக்டர், "க்யா போல் ரஹீ ஹை?"ன்னார். கையால ஆட்டத்தை நடிச்சுக் காட்டினேன். "அரே, விட்டி தாண்டு!"ன்னார். மகாராஷ்டிராவில் அதுக்கு அந்தப் பேர். அவரும் ஆடியிருப்பார் போல.

அப்புறம்தான் கண்ணாடிகள் பதிச்ச ஒரு லென்ஸைக் கண் மேல வெச்சு ஓரத்தைப் பார்த்தார். கோனியோஸ்கோபின்னு பேர். பார்த்துட்டு, உள்ளே பாதி வட்டத்துக்கு மேல கிழிஞ்ச தழும்பு இருக்குன்னார். எவ்வளவு பழசுன்னு கேட்டார். முப்பத்தியொரு வருஷம்னேன்.

எனக்குப் புரிஞ்ச வரைக்கும் விஷயம் இதுதான். கண்ணுக்குள்ள ஒரு தண்ணி எப்பவும் ஊறிக்கிட்டே இருக்கு, கருவிழியோட விளிம்பில் இருக்கிற ஒரு சல்லடை வழியா வடிஞ்சுக்கிட்டே இருக்கு. வரவும் செலவும் சரியா இருந்தா அழுத்தம் சரியா இருக்கும். பந்தோ புள்ளோ வேகமா படும்போது கண் ஒரு கணம் நசுங்கி, உள்ளே இருக்கிற தண்ணி ஓரத்துக்கு மோதி, அங்க இருக்கிற தசை கிழியுது. ஆங்கிள் ரிசெஷன்னு சொல்றாங்க. உடனே ஏறுற அழுத்தம் ஒண்ணு, அது ரத்த அணுக்கள் சல்லடையை அடைக்கிறதால. ரத்தம் கரைஞ்சா பெரும்பாலும் இறங்கிடும். இன்னொண்ணு, அடிபட்ட சல்லடை தழும்பாகி மெதுவா மூடிக்கிறதால வர்றது. அது மாசங்கள் கழிச்சும் வரலாம், பத்து இருபது வருஷம் கழிச்சும் வரலாம். வலிக்காது, சிவக்காது. நடுப்பார்வையைக் கடைசி வரை தொடாம, ஓரத்திலேர்ந்து அரிச்சுக்கிட்டு வரும். இன்னொரு கண் அந்த ஓட்டையைத் தானே நிரப்பிடும். அதனாலதான் 6/6 வாங்கிக்கிட்டே நான் பார்வையைத் தொலைச்சிருக்கேன். பட்டனை அமுக்கிப் புள்ளி எண்ணும் டெஸ்ட் எடுத்தப்பதான், இடது கண்ணில் மூக்குப் பக்கம் மேல ஒரு பெரிய துண்டு கறுப்பா அச்சாகி வந்தது. அந்த நரம்பு திரும்ப வளராது. இனிமே போகாம பார்த்துக்கலாம், அவ்வளவுதான்.

அடிபட்ட எல்லாருக்கும் இப்படி ஆகாதுங்கிறதையும் சொல்லிடணும். உள்ளே கிழிஞ்சவங்களிலேயே, பத்து பேரில் ஒருத்தருக்கும் குறைவாத்தான் பிற்பாடு இந்த நோய் வருதுன்னு பொதுவா சொல்ற கணக்கு. கிழிசல் பாதி வட்டத்துக்கு மேல போனா அபாயம் கூடுது. குறைவுதானேன்னு தோணலாம். கொடுத்த கடனில் பத்தில் ஒண்ணு வாராக்கடன் ஆனா எங்க தலைமை அலுவலகத்தில் என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். அந்த ஒருத்தர் யாருன்னு முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி, வருஷா வருஷம் அளந்து பார்க்கிறது மட்டும்தான்.

அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். தஞ்சாவூர் டாக்டர் மேல ஒரு கோபம். இதை அவர் ஏன் சொல்லலைன்னு.

"சொன்னாருடா"ன்னாங்க அம்மா. "வருசத்துக்கு ஒருக்கா கொண்டாந்து காட்டுன்னாரு. மறு வருசம் போனோமே, உனக்கு ஞாபகமில்லையா? எல்லாம் நல்லாருக்குன்னாரு. அதுக்கப்புறம் நீ பத்தாவது. அப்புறம் ஹாஸ்டல். அப்புறம் வடக்க போயிட்ட."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசலை. அப்பா காலமாகி அப்ப ஆறு வருஷம். இருந்திருந்தா அவருக்குத் தேதியே ஞாபகம் இருந்திருக்கும்.

என் கருத்து இதுதான். ஊரிலேயே இருக்கிற குடும்பத்துக்கு இந்த ஞாபகத்தைச் சுமக்க ஆள் இருக்கு. அதே டாக்டர், அதே தெரு, "என்னப்பா அந்தக் கண்ணு எப்படி இருக்கு"ன்னு கேக்கிற ஒரு பெரியப்பா. மாற்றலில் ஊர் ஊராப் போற நமக்கு அப்படி யாரும் இல்லை. பாட்டி தாத்தாவுக்குக் கதை தெரியும், டாக்டரைத் தெரியாது. புது ஊர் டாக்டருக்குக் கண் தெரியும், கதை தெரியாது. நடுவில் நாம, "நல்லாத்தானே தெரியுது"ன்னு.

இதில் இன்னொரு வியாதியும் நமக்கு உண்டு. "ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்." பல்லா, முட்டியா, கண்ணா, எல்லாம் ஊருக்குப் போறப்ப. கண் விஷயத்தில் நம்ம ஊருக்கு நல்ல பேர் இருக்கு, மறுக்கலை. டாக்டர் வெங்கடசாமி 1976இல் மதுரையில் ஆரம்பிச்ச அரவிந்த், டாக்டர் பத்ரிநாத் 1978இல் சென்னையில் ஆரம்பிச்ச சங்கர நேத்ராலயா. வடக்கே இருக்கிறவங்களே ரயிலேறி அங்கே போறாங்க. ஆனா நம்ம லீவு எப்படிப் போகுதுன்னு நமக்குத் தெரியாதா? பன்னிரண்டு நாள். அதில் ரயிலுக்கு நாலு. மச்சினன் வீட்டு வளைகாப்பு, குலதெய்வம், பட்டா மாத்தறது, ஜவுளி. கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்னு, கண்ணுக்குச் சொட்டு விட்டு அரை நாள் மங்கலா உக்காந்திருக்க யாருக்கு நேரம்? "அடுத்த லீவுல"ன்னு கிளம்பிடுவோம். அப்படி எனக்கு இருபது லீவு போச்சு. இத்தனைக்கும் டெல்லி எய்ம்ஸில் கண்ணுக்குன்னே ராஜேந்திர பிரசாத் மையம் இருக்கு, ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் இருக்கு, குவாஹாட்டியில் ஸ்ரீ சங்கரதேவ நேத்ராலயா இருக்கு. நாம வேலை பார்க்கிற ஊருக்குப் பக்கத்திலேயே அழுத்தம் அளக்கிற டாக்டர் இருப்பார். மொழி ஒரு தயக்கம்தான். அளக்கிற கருவிக்கு மொழி கிடையாது.

அந்த நண்பர் விஷயத்தில் என்னைப் பதற வெச்சது அந்த "ஒரு மாசம்"தான். அது ஒப்புக்குச் சொல்ற வார்த்தை இல்லை. அடிபட்ட புதுசில் லென்ஸை வெச்சு அழுத்தினா மறுபடி ரத்தம் கசியலாம். அதனால ஓரத்தைப் பார்க்கிற டெஸ்டை வேணும்னே ஒரு மாசம், ஒண்ணரை மாசம் தள்ளி வைக்கிறாங்க. விழித்திரையோட ஓரத்தில் கிழிசல் இருக்கான்னு நல்லா அழுத்திப் பார்க்கிறதும் அப்பதான். அதாவது, பையனுக்கு வாழ்நாள் பூரா அபாயம் உண்டா இல்லையான்னு சொல்லப்போற பரிசோதனை இன்னும் நடக்கவே இல்லை. மாற்றல் வந்தா முதலில் தவறிப்போறதும் அதுதான். எழுத்து படிக்கிறது வேற, இது வேற.

எங்க வங்கியில் ஒரு கிளை மேலாளருக்கு மாற்றல் வந்தா, அப்படியே பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட முடியாது. சாவி, லாக்கர், நிலுவைக் கடன், வழக்கில் இருக்கிற கணக்கு, ஆடிட்டில் பாக்கி, எல்லாம் எழுதி, வர்றவர் படிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் ரிலீவிங். சார்ஜ் ஒப்படைக்கிறதுன்னு சொல்வோம். ஐநூறு ரூபா சில்லறைச் செலவுக்கும் அதில் வரி உண்டு. வீட்டு விஷயத்தில் நாம எழுதறது கிரைண்டர் 1, பீரோ 1, கட்டில் 2.

அன்னிக்கு அவர் வீட்டு டீப்பாயில் உக்காந்து, பையன் பேரில் ஒரு சார்ஜ் லிஸ்ட் எழுதினேன். அவர் முதலில் சிரிச்சார். அடிபட்ட தேதி, எந்தக் கண், எதனால. ரத்தம் எவ்வளவு நின்னுது. அழுத்தம் அதிகபட்சம் எவ்வளவு, கடைசியா எவ்வளவு, எந்தத் தேதியில். சிக்கிள் செல் இல்லை. "வீசிங் உண்டா?"ன்னு கேட்டேன். சின்ன வயசில் உண்டுன்னாங்க அவன் அம்மா. அதைச் சிவப்பு மசியில் எழுதச் சொன்னேன். அழுத்தத்துக்குப் போடற டிமோலால் சொட்டு மருந்து, வீசிங் இருக்கிறவங்களுக்கு ஆகாது. கண்ணில் விடுறதுதானேன்னு நாம சொல்லாம விட்டுடுவோம். கண் சிவந்தா மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடக்கூடாது, அதுவே சிலருக்கு அழுத்தத்தை ஏத்திவிடும், டாக்டர் பார்த்துக் கொடுக்கிறது தனின்னும் ஒரு வரி. கோனியோஸ்கோபி பாக்கி. அதுக்குக் கீழே, ரெண்டு கண்ணுக்கும் வருஷம் ஒரு முறை அழுத்தம், ஆயுசுக்கும். அடிபடாத கண்ணையும் சேர்த்துத்தான். அதையும் கவனிக்கணும்னு என் டாக்டர் எனக்கு ரெண்டு தடவை சொல்லியிருக்கார்.

கடைசியா, இந்தத் தாளை பையன்கிட்டயும் படிச்சுக் காட்டுங்கன்னேன். அப்பா அம்மா ஞாபகத்தில் இருந்தா அது நம்ம கூட போயிடும். அவனுக்கு நாற்பது வயசாகும்போது ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு பாஷையில் ஒருத்தர், இந்தக் கண்ணில் எப்பவாவது அடிபட்டுதான்னு கேட்பார். அவன் "இல்லை"ன்னு சொல்லிடக்கூடாது.

"பயமுறுத்துறீங்களே சார்"ன்னார் நண்பர். பையன் பயப்படலை. "அங்கிள், அப்ப நான் இனிமே கிரிக்கெட் ஆடக்கூடாதா?"ன்னான். கார் விபத்தில் ஒரு கண் பார்வை போன பிறகு டெஸ்ட் ஆடி, 1962இல் 21 வயசில் இந்தியாவுக்குக் கேப்டன் ஆனவர் பட்டோடின்னு சொன்னேன். டாக்டர் சரின்னதும் ஆடு, ஹெல்மெட் போட்டு ஆடுன்னேன். டென்னிஸ் பந்துக்கு யாராவது ஹெல்மெட் போடுவாங்களா அங்கிள்னு கேட்டான். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. கிட்டிப்புள்ளுக்கு மட்டும் போட்டோமா என்ன.

என் நிலைமையைக் கேட்கிறவங்களுக்கு: தினம் ரெண்டு சொட்டு மருந்து, அழுத்தம் இப்ப 14, 15இல் நிக்குது. நாலு மாசத்துக்கொரு தடவை காட்டறேன். ராத்திரி போடற மருந்தில், திறக்காத பாட்டிலை ஃபிரிட்ஜில் வெக்கணும். ஊருக்குப் போறப்ப தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தயிர் சாத டப்பாவோட அதுவும் ஐஸ் பொட்டலத்தில் வரும். அந்த மருந்தால் இடது கண் இமைமுடி மட்டும் நீளமா வளருது. மகளுக்குப் பொறாமை.

நண்பர் குடும்பம் அந்த வியாழக்கிழமை கிளம்பிடுச்சு. தாளை அவர் பெட்டியில் வைக்கலை, சட்டைப் பையில் வெச்சுக்கிட்டார், நானே பார்த்தேன். போன புதன்கிழமை போன் பண்ணினேன். வீடு இன்னும் கிடைக்கலை, கெஸ்ட் ஹவுஸில் இருக்கோம், சனிக்கிழமை கண்டிப்பா கூட்டிட்டுப் போறேன் சார்னார்.

இன்னிக்குத் திங்கள். அவர்கிட்டேர்ந்து ஒண்ணும் வரலை. ராத்திரி ஒன்பதரைக்கு நான் சொட்டு விட்டுக்கிற நேரம். அப்ப ஒரு போன் போட்டுடலாம்னு இருக்கேன்.